விடுபட்டவர்களை உள்ளடக்கும் விஞ்ஞானத் தொடர்பாடல்: கொழும்பில் செயற்படுவோருக்கான முழுமையான வழிகாட்டி

விஞ்ஞானக் கூட்டங்களுக்கு வழமையாக வராத தமிழ் பேசும் மக்களிடம் ஒரு விடயத்தைக் கொண்டுசெல்ல விரும்பும் ஆய்வாளர், மருத்துவர், ஆசிரியர், பல்கலைக்கழக மாணவர் ஆகியோர் எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். உதாரணம் தேவைப்படும் இடங்களில் டெங்கை எடுத்துக்கொள்கிறேன். கொழும்பில் எவருக்கும் அது புதிய நோயன்று; 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். காற்று மாசு, வெள்ளத்துக்குப் பிந்திய எலிக்காய்ச்சல், நீரிழிவு என வேறெதை எடுத்தாலும் படிகள் பெரிதாக மாறுவதில்லை.

புதிதாக வருவோர் முதலில் விடயத்தைத் தீர்மானிக்கிறார்கள். பிறகு ஆங்கிலத்தில் ஸ்லைட்டுகளைச் செய்து, அவற்றைத் தமிழாக்க ஒருவரைத் தேடி, கடைசி வாரத்தில் ஆட்களைத் திரட்டித்தர இன்னொருவரைப் பிடிக்கிறார்கள். இந்த வரிசையில் மக்கள் வந்துசேரும்போது எல்லாம் அச்சாகி முடிந்திருக்கும். அவர்கள் என்ன சொன்னாலும் எதையும் மாற்ற முடியாது. கீழே உள்ள வரிசை வேறு: முதலில் ஆட்கள், பிறகு அவர்களுடைய கேள்விகள், அதன் பின்னரே விடயம், மொழி, பேசுபவர், நாள்.

1. யாரிடம் போகிறீர்கள் என்பதை ஓர் ஒழுங்கை அளவுக்குச் சுருக்குங்கள்

திட்ட அறிக்கையில் “கொழும்புத் தமிழ் மக்கள்” என்று எழுதுவது எளிது. ஆனால் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாழும் வடக்கைச் சேர்ந்த குடும்பங்கள், கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் தலைமுறைகளாக இருப்போர், புறக்கோட்டைக் கடைகளில் வேலைசெய்து கடையின் மேல்மாடியிலேயே உறங்கும் மலையக இளைஞர், வீடுகளில் தங்கி வேலைசெய்யும் பெண்கள், மாநகர சபைத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புகளில் வாழ்வோர், கொம்பனித்தெருவிலும் மாளிகாவத்தையிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்கள் ஆகியோருக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் ஒன்றல்ல; படித்த வகுப்பு, நம்பும் ஆள், அஞ்சும் விடயம் எவையும் ஒன்றல்ல. எல்லோருக்குமாகத் திட்டமிடும் நிகழ்வுக்கு, வழமையாக எங்கும் வருகின்றவர்களே மீண்டும் வருவார்கள்.

ஆகவே ஒரு குழுவை, முடிந்தால் ஓர் ஒழுங்கையை அல்லது ஒரு தொடர்மாடியின் சில தளங்களைத் தெரிவுசெய்யுங்கள். தெரிவுக்கு நல்ல கேள்வி ஒன்று உண்டு: இதே விடயம்பற்றி இதுவரை நடந்த கூட்டங்களுக்கு யார் வரவில்லை? முந்தைய கூட்டங்களின் வருகைப் பதிவேடு கிடைத்தால் அதில் இல்லாதவர்களைத் தேடுங்கள்.

பாடசாலை மாணவரைத் தெரிவுசெய்வதே இங்கே அடிக்கடி காணும் தவறு. அதிபர் ஒருவர் சம்மதித்தால் முந்நூறு பேர் வரிசையாக வந்து அமர்வார்கள் என்பதால் அது வசதியாக இருக்கிறது. சாதாரண தரத்துக்கு முன்பே பாடசாலையை விட்டு வேலைக்குப் போன பிள்ளையை அந்த வழியில் ஒருபோதும் சந்திக்க முடியாது.

2. முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டியவை

காலம். முதற்சந்திப்பிலிருந்து நிகழ்வு வரை இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள். டெங்கு பற்றியதாயின் பருவத்தையும் பார்க்க வேண்டும். கொழும்பில் தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்குகிறது. நோயும் அதன் பின்னால் ஏறுகிறது. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கேட்டறியும் வேலையை முடித்து, ஏப்ரல் இறுதியில் நிகழ்வை வைப்பது பொருந்தும். சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் எதையும் வைக்காதீர்கள். மலையகத்திலிருந்து வந்து வேலைசெய்வோர் எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள்.

பணம். மண்டபத்துக்கும் அச்சுக்கும் மட்டும் கணக்கிடும் வரவுசெலவு போதாது. உள்ளூர் உதவியாளருக்கான கொடுப்பனவு, ஓட்டோக் கூலி, பிளேன்டீயும் சிற்றுண்டியும், சைகைமொழி உரைபெயர்ப்பாளர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், நிகழ்வுக்குப் பின் மீண்டும் போகும் செலவு ஆகியவையும் வேண்டும். கடைசியில் சொன்னதை முதலிலேயே எழுதிவையுங்கள். வரவுசெலவில் இல்லாத இரண்டாம் வருகை நடப்பதே இல்லை.

அனுமதி. மக்கள் சொல்வதைத் தொகுத்து ஆய்வுக் கட்டுரையாக்கும் எண்ணம் இருந்தால் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் ஒப்புதலை முதற்சந்திப்புக்கு முன்பே பெற வேண்டும். பின்னர் பெற முடியாது.

ஆட்கள். குழுவில் தமிழிலும் சிங்களத்திலும் சரளமாகக் கதைக்கும் ஒருவராவது இருக்க வேண்டும். கொழும்பின் வத்தைகளில், அதாவது நெருக்கமான குடியிருப்புத் தொகுதிகளில், தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் சுவரோடு சுவராக வாழ்கின்றன. தமிழில் மட்டும் நடக்கும் கூட்டத்தைப் பற்றி அடுத்த வீட்டுக்கு அவர்களுடைய மொழியில் சொல்லிவைக்காவிட்டால், கேள்வி கேட்கப்படுவது உங்களிடமல்ல, உங்களை உள்ளே விட்டவரிடம். மேலும், நுளம்புக்கு வீட்டு இலக்கம் தெரியாது. அடுத்த வீட்டாரும் அறிந்துகொண்டால்தான் வேலை முடியும்.

3. உள்ளே போக ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்களைத் தேடுங்கள்

கிராம உத்தியோகத்தர், கோவில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், பங்குத்தந்தை, மரண உதவிச் சங்கம், சனசமூக நிலையம், கிரிக்கெட் விளையாடும் பெடியன்கள், மாலையில் சிறுவருக்கு ரியூசன் நடத்தும் ஆசிரியை என ஒவ்வொருவரும் ஒரு வாசல். ஒவ்வொரு வாசலும் சிலரை உள்ளே விட்டுச் சிலரை வெளியே நிறுத்தும். கோவில் வழியாகப் போனால் கிறிஸ்தவக் குடும்பங்கள் வரமாட்டா. ஆண்கள் நிர்வகிக்கும் சங்கத்தின் வழியாகப் போனால் பெண்கள் பின்வரிசையில் அமர்ந்து வாய் திறக்காமல் போவார்கள். குறைந்தது இரண்டு வாசல்களையாவது பயன்படுத்துங்கள். அவற்றில் ஒன்று பெண்களால் நடத்தப்படுவதாக இருக்கட்டும். மரண உதவிச் சங்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. என் மதிப்பீட்டில் அதுதான் மிகச் சிறந்த வாசல். சமயம் கடந்து எல்லாக் குடும்பங்களும் அதில் சந்தா கட்டியிருக்கும். பொருளாளருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும்.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் அடுக்குமாடிகளுக்கு இடம்பெயர்க்கப்பட்ட குடும்பங்களிடம் போகும்போது, பழைய வத்தையின் தலைவர் என்று ஒருவர் தம்மை அறிமுகப்படுத்துவதை அப்படியே ஏற்க வேண்டாம். வெவ்வேறு வத்தைகளிலிருந்து வந்தவர்கள் ஒரே தளத்தில் கலந்து வாழ்கிறார்கள். அங்கே தளத்துக்கு ஒருவரைத் தேடுவதே சரி.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டெங்கு என்றதும் புதியவர்கள் அவரையும் அழைத்துக்கொண்டே முதல் நாள் போகிறார்கள். நுளம்பு பெருகும் இடம் வைத்திருந்ததற்காக வழக்கும் அபராதமும் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் வருகிறார் என்று கேள்விப்பட்டவுடன் வாளிகள் மறைக்கப்படும், கதவுகள் சாத்தப்படும், அதன் பிறகு எவரும் தம் வீட்டில் தண்ணீர் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று உண்மையாகச் சொல்லமாட்டார். அப்பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரியிடம் திட்டத்தை முன்கூட்டியே சொல்லுங்கள், தகவலும் ஆலோசனையும் பெறுங்கள். ஆனால் கேட்டறியும் கட்டம் முடியும்வரை அதிகாரிகள் இல்லாமல் போங்கள். நிகழ்வு நாளில் பரிசோதகர் வருவதை மக்களிடம் முன்னரே சொல்லி, அவர்கள் சம்மதித்தால் அழையுங்கள்.

தேர்தல் அறிவிக்கப்பட்ட காலத்தில் அரசியல்வாதியின் ஆதரவாளர் ஒருவர் திறக்கும் வாசல் மிக அகலமாக இருக்கும். அதன் வழியே போகாதீர்கள். தேர்தல் முடிந்தபின் அவ்விடத்தில் பாதிப்பேர் உங்களோடு கதைக்கமாட்டார்கள்.

4. எதையும் சொல்வதற்கு முன் கேளுங்கள்

இந்தப் படிதான் முழு வேலையின் பெறுமதியையும் தீர்மானிக்கிறது. சிறு குழுக்களாக, வீட்டு வாசலிலோ சங்கக் கட்டடத்திலோ உட்கார்ந்து, முக்கால் மணி நேரத்துக்கு மேற்படாமல் கதையுங்கள். வினாக்கொத்தோடு போக வேண்டாம். வினாக்கொத்தில் உங்கள் கேள்விகள்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டியவை அவர்களுடைய கேள்விகள். நான்கு விடயங்களைச் சுற்றிப் பேச்சைக் கொண்டுபோகலாம்: கடைசியாக வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தது, அப்போது முதலில் என்ன செய்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள், யார் சொன்னதை நம்பவில்லை. நான்காவது கேள்விக்கான பதிலை மிகக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவர்கள் சொல்லும் சொற்களிலேயே குறிப்பெடுங்கள். “கொசு மருந்து புகையடிச்ச பிறகுதான் நுளம்பு கூடுது” என்று ஒருவர் சொன்னால், அதை “புகையூட்டலின் வினைத்திறன் பற்றிய ஐயம்” என்று எழுதிவிட்டால் அந்த மனிதரின் கேள்வி காணாமற்போகிறது. புகையூட்டல் பறக்கும் நுளம்பைக் கொல்கிறது, தண்ணீரில் உள்ள குடம்பியையும் முட்டையையும் அது தொடுவதில்லை, ஆகவே சில நாளில் புதிய நுளம்புகள் வருகின்றன என்ற விளக்கம் அவருடைய அனுபவத்தோடு நேராகப் பொருந்துகிறது. அவர் கண்டது சரி. காரணம் மட்டுமே அவரிடம் இல்லை.

பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் கேட்கும் படிவத்தோடு போவது கொழும்பில் ஒரு சாதாரணச் செயலன்று. போர்க்காலத்தில் பொலிஸ் பதிவுக்காக வரிசையில் நின்றவர்களும், 2007 ஜூன் மாதத்தில் நகரத்து விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியே அனுப்பப்பட்டதையும் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியதையும் நினைவில் வைத்திருப்பவர்களும் இன்னும் அதே ஒழுங்கைகளில் வாழ்கிறார்கள். தேவையற்ற விபரத்தைக் கேட்காதீர்கள். மீண்டும் தொடர்புகொள்ள ஒரு தொலைபேசி இலக்கம் போதும், அதையும் விரும்பினால் மட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்த நோக்கத்துக்கு வேண்டுமோ அந்த அளவுக்கு மட்டுமே தரவைச் சேகரிக்க வேண்டும் என்ற திசையிலேயே நிற்கிறது.

முஸ்லிம் குடும்பங்களிடம் சுகாதாரம் பற்றிப் பேசப் போவோர் இன்னொன்றையும் அறிந்துகொண்டு போக வேண்டும். கொவிட் தொற்றால் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தபோதும், இலங்கையில் 2020ஆம் ஆண்டு தொடக்கம் 2021 பெப்ரவரி வரை தகனம் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. நிலத்தடி நீர் மாசுபடும் என்று அதற்கு விஞ்ஞானத்தின் பெயரிலேயே காரணம் சொல்லப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. இதை அனுபவித்த குடும்பம் “விஞ்ஞானம் சொல்கிறது” என்ற தொடக்கத்தைக் கேட்டு விலகினால், அதை அறியாமை என்று குறித்துக்கொள்வது உங்கள் தவறு. யாராவது இதைக் கிளப்பினால் பேச்சை மாற்றாமல், அந்த முடிவுக்குச் சான்று போதாது என்பதை நேராகச் சொல்லுங்கள். அதன் பிறகுதான் டெங்குபற்றிய பேச்சுக்கு இடம் கிடைக்கும்.

5. விடயத்தை இப்போதுதான் தெரிவுசெய்கிறீர்கள்

கேட்டெழுதிய கேள்விகளைத் தரையில் பரப்பி, அடிக்கடி வருபவற்றைச் சேர்த்து அடுக்குங்கள். அவற்றிலிருந்து இரண்டு அல்லது மூன்றை மட்டும் எடுங்கள். நீங்கள் சொல்ல நினைத்து வந்த விடயம் அவற்றில் இல்லாமற்போகலாம்; அப்படியானால் அதை விட்டுவிட வேண்டும். பலருக்கு இது கடினமாக இருக்கிறது, குறிப்பாக நிதி வழங்கியவருக்கு ஏற்கனவே தலைப்பை எழுதிக் கொடுத்தவர்களுக்கு. நிதி விண்ணப்பத்தில் தலைப்பை அகலமாக எழுதிவைப்பது அதற்கான வழி.

தெரிவுசெய்த ஒவ்வொன்றையும் அந்த வீட்டின் நிலையோடு பொருத்திப் பாருங்கள். “தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்” என்ற அறிவுரை, பல குடும்பங்களுக்கு ஒரே பொதுக் குழாய் உள்ள இடத்தில் நடைமுறைக்கு வராது. பீப்பாயும் வாளியும் இல்லாமல் அங்கே சமைக்கவோ குளிக்கவோ முடியாது. அறிவுரையின் பின்னாலுள்ள காரணத்தை எடுத்தால் வேறு வழி தெரியும். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடுகிறது. அம்முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரித்து, ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்களில் நுளம்பாகிறது. எனவே வெறுமனே தண்ணீரைக் கொட்டுவது போதாது; வாரத்துக்கு ஒரு முறை உட்சுவரைத் தும்பால் தேய்த்துக் கழுவி, இறுக மூட வேண்டும். தண்ணீர் சேமிப்பதைக் குற்றமாக்காமல் ஒரு வேலையைக் கொடுக்கிறது இந்த வடிவம். மூடியில்லாத பீப்பாய்க்குப் பழைய நுளம்பு வலைத் துண்டும் இறப்பர் பட்டியும் போதும் என்று பெண்களில் எவராவது தாமாகவே சொல்லுவார். அதை அவர் பெயரிலேயே நிகழ்வில் சொல்லவையுங்கள்.

உயர்ந்த தொடர்மாடிகளில் விடயம் மாறுகிறது. அங்கே பீப்பாயைவிடக் கூரைத் தளம், அடைபட்ட பீலி, குளிரூட்டியின் நீர்த் தட்டு, பூச்சாடித் தட்டு ஆகியவற்றைப் பற்றியே கதைக்க வேண்டும். கூரைத் தளத்துக்கு ஏறும் கதவின் சாவி குடியிருப்பாளரிடம் இருப்பதில்லை. அப்படியான இடத்தில் தனிமனிதருக்கு அறிவுரை சொல்வதில் பயனில்லை. முகாமைத்துவக் குழுவுக்கு எழுதும் கடிதமொன்றை அவர்களோடு சேர்ந்து தயாரிப்பதே நிகழ்வின் உள்ளடக்கமாகலாம்.

6. தமிழிலேயே எழுதுங்கள், அச்சகத்தை நம்பாதீர்கள்

உள்ளடக்கத்தை ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்க வேண்டாம். நான்காம் படியில் எடுத்த குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேரடியாகத் தமிழில் எழுதுங்கள். இந்தியத் துண்டுப்பிரசுரங்களை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவோர் இருக்கிறார்கள். அவற்றிலுள்ள அவசர இலக்கங்களும் அலுவலகப் பெயர்களும் இங்கே செல்லாதவை.

எழுதியதை அக்குழுவைச் சேர்ந்த, எழுத்தில் பழக்கம் குறைந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டி, “இதை உங்கள் அக்காவுக்கு எப்படிச் சொல்லுவீர்கள்?” என்று கேளுங்கள். “விளங்கிச்சா?” என்ற கேள்விக்கு மரியாதைக்காகவே எல்லோரும் தலையாட்டுவார்கள். அவர் திருப்பிச் சொல்லும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த வாக்கியம் பிழையானது. பல நேரங்களில் அவர் சொல்லும் வாக்கியமே உங்களுடையதைவிட நன்றாக இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அச்சு வேலையில் கொழும்பில் ஓயாத தொல்லை ஒன்று உண்டு. மும்மொழிப் பதாகையை வடிவமைப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்ததை யுனிகோட் எழுத்துருவில் ஒட்டினால் வெறும் குறிகளாக மாறும். சில வடிவமைப்பு மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தைவிட நீளமானது என்பதால், ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டிக்குள் அடைக்க எழுத்தைச் சிறிதாக்கிவிடுவார்கள், ஆகவே வயதானவர்களால் வாசிக்க முடிவதில்லை. தமிழ்ப் பகுதியை முதலில் அமைக்கச் சொல்லுங்கள், மற்ற மொழிகள் அதற்கேற்ப இடம்பிடிக்கட்டும். அச்சுக்கு முந்திய கடைசிப் பிரதியைத் தமிழ் வாசிக்கும் ஒருவர் அச்சகத்துக்கு நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அச்சிட வேண்டும். கைபேசியில் அனுப்பப்படும் படத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பது போதாது, ஏனெனில் அச்சுக்குப் போகும் கோப்பு பெரும்பாலும் வேறொன்றாக இருக்கும்.

சிவப்பும் பச்சையும் மட்டும் வேறுபடுத்தும் படங்களைத் தவிர்த்து, வடிவத்தாலும் சொல்லாலும் சேர்த்துக் காட்டுங்கள். நிறக்குருடு உள்ளவர்கள் அதைத் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

7. பேசுபவர் அங்கிருந்தே வரட்டும்

பேராசிரியர் ஒருவர் மேடையில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட, அதே ஒழுங்கையைச் சேர்ந்த இருவர் இருபது நிமிடம் நடத்திக்காட்டி, விஞ்ஞானி பக்கத்தில் அமர்ந்து கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்வது நன்றாக வேலைசெய்கிறது. காரணம் எளியது: நாளைக்குச் சந்தேகம் வந்தால் பேராசிரியரின் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது.

ஆனால் அவர்களைத் திடீரென மேடையேற்றக் கூடாது. மூன்று ஒத்திகைகளாவது வேண்டும். முதலாவதில் விடயத்தைப் புரிந்துகொள்ளட்டும், இரண்டாவதில் செய்முறையைக் கையால் செய்யட்டும், மூன்றாவதில் குழுவில் ஒருவர் வேண்டுமென்றே கடினமான கேள்விகளைக் கேட்கட்டும். “எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்” என்ற பதிலையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். தெரியாததற்குப் பதில் புனைவது புதிய பேச்சாளரின் இயல்பு.

அவர்களுக்குப் பணம் கொடுங்கள், அதையும் அன்றைக்கே கையில் கொடுங்கள். நாட்கூலிக்குப் போகிறவர் ஒத்திகைக்கு வரும்போது ஒரு நாள் வருமானத்தை இழக்கிறார். சான்றிதழும் பொன்னாடையும் அதை ஈடுசெய்யமாட்டா. பேராசிரியருக்கு வாகனமும் உள்ளூர்ப் பேச்சாளருக்கு நன்றியுரையும் என்ற ஏற்பாட்டை எல்லோரும் கவனிப்பார்கள்.

8. நாள், நேரம், இடம்

கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பகுதிகளில் செவ்வாய்க்கிழமை வேண்டாம். அந்தோனியார் திருத்தலத்துக்கு மக்கள் திரளும் நாள் அது. ஜூன் 13ஆம் திகதித் திருவிழாவை ஒட்டிய நாட்களும் அப்படியே. முஸ்லிம் குடும்பங்கள் உள்ள இடத்தில் வெள்ளி நண்பகலையும் நோன்பு மாதத்தின் மாலை நேரங்களையும் விலக்குங்கள். ஆடிவேல் காலத்தில் கோவில் வட்டாரத்தில் எவருக்கும் நேரம் இருக்காது. புறக்கோட்டைக் கடைத் தொழிலாளருக்கு ஞாயிறு பிற்பகலும் போயா நாளும் பொருந்தும். வீட்டுப் பணிப்பெண்களுக்கு அவர்கள் சொல்லும் நேரமே நேரம். தாய்மாருக்கு, பிள்ளைகளை ரியூசனில் விட்ட பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது நான்கைப் பாருங்கள்: படியேறாமல் உள்ளே வர முடியுமா, பெண்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை உண்டா, மழை பெய்தால் தகரக் கூரையின் சத்தத்தில் பேச்சுக் கேட்குமா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு. மழைக்காலத்தில் மூன்றாவதை மறந்தவர்கள் நிகழ்வை நடுவில் நிறுத்த நேர்கிறது.

செவிப்புலன் குறைந்தோர் வருவார்களெனின் உரைபெயர்ப்பாளரை நாள் குறிப்பதற்கு முன்பே பேசிவையுங்கள், வருபவர்கள் எந்தச் சைகைக்குப் பழகியவர்கள் என்பதைக் குடும்பத்தாரிடம் கேளுங்கள். தமிழ் மொழிமூலப் பாடசாலையில் படித்தவருக்கும் சிங்கள மொழிமூலப் பாடசாலையில் படித்தவருக்கும் ஒருவரே பொருந்துவார் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் பேச்சாளருக்குப் பக்கத்தில், முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்க வேண்டும்.

9. அன்றைய ஒழுங்கு

மங்கள விளக்கு, வரவேற்புரை, அதிதிகள் உரை என்ற வரிசையில் தொடங்கினால் வேலை விட்டு வந்தவர்களின் கவனம் விடயம் வருமுன்பே தீர்ந்துவிடும். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, செய்முறையிலிருந்தே தொடங்குங்கள். இறுக மூடிய கண்ணாடிப் போத்தலில் உயிருள்ள குடம்பிகளைக் கைமாற்றிப் பார்க்கக் கொடுத்தால், அறையில் உடனே பேச்சு எழும். பார்வை குறைந்தவர்களுக்காக, கையில் உள்ளதை உரக்க விபரித்துக்கொண்டே கொடுங்கள். போத்தல்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். முடிந்ததும் குடம்பிகளைக் கொதிநீரால் அழித்துவிடுங்கள், ஏனெனில் கூட்டுப்புழு நிலைக்கு வந்தது ஏறக்குறைய இரண்டு நாளில் நுளம்பாகிவிடும்.

அடுத்து, நான்காம் படியில் சேகரித்த கேள்விகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே வாசித்துப் பதில் சொல்லுங்கள். தம் கேள்வியைக் கேட்டவுடன் அதன் உரிமையாளர் நிமிர்ந்து அமர்வார். மற்றவர்களும் தங்கள் கேள்வியை எதிர்பார்ப்பார்கள். பெயர் சொல்ல வேண்டாம்.

பப்பாசி இலைச் சாறு பற்றிய கேள்வி கட்டாயம் வரும். சிரிப்பதும் திட்டுவதும் ஒன்றே: கேட்டவர் இனிக் கேட்கமாட்டார், சாறும் நிற்காது. வைத்தியசாலைச் சிகிச்சையின் இடத்தில் அதை வைக்கப் போதிய சான்று இல்லை என்பதைச் சொல்லி, உண்மையான ஆபத்து எங்கே என்று காட்டுங்கள். டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரமே, பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரையான காலம், மிகக் கவனமாக இருக்க வேண்டிய நேரம். சாறு கொடுத்தபின் காய்ச்சல் இறங்கினால் நோய் மாறிவிட்டது என்று வீட்டார் நிம்மதியடைகிறார்கள். அப்போதுதான் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு போன்ற அறிகுறிகள் கவனிக்கப்படாமற்போகின்றன. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், அதுவும் உரிய அளவில். அஸ்பிரினும் இபுபுறொபனும் வேண்டாம். மூன்றாம் நாளிலும் காய்ச்சல் இருந்தால் வைத்தியரைக் கண்டு இரத்தப் பரிசோதனை. இவ்வளவையும் ஒருவர் எழுந்து திருப்பிச் சொன்ன பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

கேள்வி நேரத்தில் முதல் மூன்று கேள்விகளும் முன்வரிசை ஆண்களிடமிருந்தே வரும். ஒலிவாங்கியைப் பின்னாலிருந்து தொடங்குங்கள். அல்லது சிறு தாள்களைச் சுற்றுக்கு விடுங்கள், எழுதாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொடுக்க ஒருவரை வையுங்கள்.

படமெடுப்பதற்கு முன் கேளுங்கள். ஏழ்மையைக் காட்டும் பின்னணியில் துண்டுப்பிரசுரத்தைப் பிடித்து நிற்கவைக்கும் படத்தை எவரும் தம்மைப் பற்றி விரும்புவதில்லை, நிதி வழங்கியவர் கேட்டாலும் மறுக்கலாம்.

10. நிகழ்வுக்குப் பின்

வந்தவர்களின் எண்ணிக்கையை அறிக்கையில் எழுதுவது வழக்கம். முதற்படியில் யாரைத் தேடினீர்களோ அவர்கள் வந்தார்களா என்பதே எழுதப்பட வேண்டியது. எண்பது பேர் வந்து அவர்களில் கடைத் தொழிலாளர் எவரும் இல்லையெனில், கடைத் தொழிலாளருக்கான நிகழ்வு நடக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மீண்டும் போங்கள். கையில் வினாத்தாள் வேண்டாம். பீப்பாய் மூடியிருக்கிறதா என்று பார்த்தால் போதும், மூடவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். வலை கிழிந்துவிட்டது, மூடியைத் திறந்து மூட நேரமில்லை, வீட்டுக்காரர் எடுத்துப்போட்டார் என வரும் ஒவ்வொரு பதிலும் அடுத்த நிகழ்வின் உள்ளடக்கம். அன்றைக்குப் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகளுக்கும் அப்போதே பதில் கொண்டுபோக வேண்டும். ஆய்வாளர்களிடமும் பதில் இல்லாத கேள்வி என்றால், இன்னும் எவரும் இதை ஆராயவில்லை என்று சொல்லுங்கள். அதே கேள்வியை உங்கள் துறையில் உள்ளவர்களிடமும் எழுத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இடைப்பட்ட காலத்தில் வட்ஸ்அப்பில் இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத குரற்பதிவுகளை, உள்ளூர்ப் பேச்சாளரின் குரலிலேயே அனுப்புங்கள். நீண்ட காணொளி டேட்டாவைத் தின்னும். குழுவொன்றை உருவாக்கினால் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியவரும். பெண்கள் பலர் அதற்காகவே விலகுவார்கள். ஒருவழி அறிவிப்புப் பட்டியலே பாதுகாப்பானது. ஆனால் அனுப்புபவரின் இலக்கத்தைத் தமது தொலைபேசியில் சேமித்தவருக்கே அது போய்ச்சேரும் என்பதை நிகழ்வு நாளிலேயே சொல்லி, அங்கேயே சேமிக்கவைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் தொலைபேசி இலக்கப் பட்டியலை அழித்துவிட்டு, அழித்ததைத் தந்தவர்களுக்குச் சொல்லுங்கள். கேள்விகள் எழுதிய குறிப்பேட்டைப் பெயர்கள் நீக்கிப் பிரதியெடுத்து, ஒன்றை மரண உதவிச் சங்கத்திலோ சனசமூக நிலையத்திலோ கொடுத்துவையுங்கள். அடுத்த ஆண்டு வேறொரு குழு அதே ஒழுங்கைக்கு வரும்போது அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்காமல், அந்தக் குறிப்பேட்டைத் திறந்து வேலையைத் தொடங்கலாம்.